பாதியில் மாறும் தட்டு

அந்தத் தெருவில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வருவதற்குள் வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். மாடியில் ஒரு கடை, மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் நாலு முக்காலியைப் போட்டு இன்னொரு கடை. இத்தனையையும் ஒரே தெருவில் கொட்டிவைத்தால் வருகிறவனுக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? எதில் நுழைவது என்று தெருமுனையில் நின்று திருதிருவென்று முழிப்பான். அப்படி முழிக்கிறவன் கண்ணில் முதலில் படுகிறவர் சாவிக்காரர்தான்.

தெருமுனையில் ஒரு பீரோ அகலத்துக்கு அவர் கடை. அதிலும் பாதிதான் அவருக்கு. இந்தப் பாதியில் சாவி தேய்ப்பது, பூட்டு பழுது பார்ப்பது. அந்தப் பாதியில் அவர் மனைவியின் தையல் மிஷின், கால்சட்டை சுருக்குவது, ஜிப்பு மாற்றுவது. யாராவது வந்து, "ஐயா, இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டால் சாவிக்காரர் உடனே சொல்லிவிட மாட்டார். அரத்தைக் கீழே வைப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் கூட சாப்பிடப் போறீங்க?"

மாமனார் மாமியாரோடு என்றால், "வலது பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட கடை. ஒரே இரைச்சல். யார் என்ன பேசினாங்கன்னு யாருக்கும் கேக்காது, நிம்மதியா சாப்பிட்டு வரலாம்" என்பார். சிநேகிதியோடு என்றால் மாடிக் கடை. சாப்பாடு சுமார்தான், ஆனால் ஒரு டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுப்ப மாட்டார்கள். பல் கட்டிய பெரியவரோடு என்றால் சூப்புக் கடை. ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பியதில்லை. திரும்பிப் போகிறவர்கள் அவர் கடைப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத்தான் போவார்கள்.

"நான் மட்டும்தாங்க" என்று எவனாவது சொல்லிவிட்டால் மட்டும் சாவிக்காரருக்கு நக்கல் வந்துவிடும். "தனியா சாப்பிடறவனுக்கு எந்தக் கடையா இருந்தா என்ன? கால் எங்க நிக்குதோ அங்க நுழைஞ்சுட வேண்டியதுதான்!" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். மிஷின் பக்கமிருந்து மனைவி அதட்டுவாள். "ஏங்க, அந்தப் புள்ளை முகத்தைப் பாத்தீங்களா? பாவமா இருக்கு. ஒழுங்கா சொல்லி அனுப்புங்க."

அப்படி அதட்டியவள் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மிஷின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு சாவிக்காரர் மறுபடி கடையைத் திறந்தார். சாவி தேய்த்தார். கேட்டவர்களுக்குக் கடை காட்டினார். ஊருக்கெல்லாம் வயிறு நிறைய வழி சொன்ன மனுஷன், தான் மட்டும் வயிறு காய்ந்து கிடந்தார்.

இது மகளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "உங்கப்பா வீட்ல அடுப்பு எரியற சத்தமே கேக்கல." அவ்வளவுதான், வேற்றூரில் வேலையிலிருந்த மகள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்ததும் சமையலறையைப் பார்த்தாள். காய்ந்த ரொட்டி, பாதி தின்ற பழம், கழுவாத ஒரே ஒரு டம்ளர். பிறகு அப்பாவைப் பார்த்தாள். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டைகள் இருந்தன. சாவித் துளை போடும் கருவியாலேயே அவற்றைப் போட்டிருக்கிறார். தொழில் தெரிந்தவர் இல்லையா, ஓட்டை என்னமோ அழகாகத்தான் இருந்தது.

"அப்பா, என்கூட வந்துடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? கண்ணாடியில உங்களைப் பாத்தீங்களா? எலும்பும் தோலுமா இருக்கீங்க."

"இந்த வயசுல வேற எப்படி இருப்பாங்க? இந்தா பாரு, தெருவுக்கே சாப்பாட்டுக் கடை காட்டறவன் நான். நான் பட்டினி கிடப்பேனா? எனக்கென்ன, நாக்கு நீளமா? எதைப் போட்டாலும் சாப்பிடறவன். கடையை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

இந்த 'எதைப் போட்டாலும் சாப்பிடறவன்' என்பது அவருக்குப் பெரிய பெருமை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? ஆனால் மகளும் அவர் பெற்றவள்தானே, அவளுக்கும் அதே பிடிவாதம் இருந்தது.

"சரி, அப்ப வாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வெளிய சாப்பிடலாம். கடையை நீங்களே பாருங்க, என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க, தட்டை நீங்களே காலி பண்ணுங்க. பண்ணிட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன், நாளைக்கு வண்டியைப் பிடிச்சுப் போயிடறேன். பண்ணலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட வரணும்."

"பூ, இவ்வளவுதானா!" என்றார் சாவிக்காரர்.

இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, சாவிக்காரர் வேகமாக நடந்தார். தெரு அப்போதுதான் களைகட்ட ஆரம்பித்திருந்தது. கடைக்காரர்கள் நாற்காலிகளைத் துடைத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்று, "வாங்க வாங்க, உள்ள இடம் இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் எல்லாருக்கும் சாவிக்காரரைத் தெரியும். வணக்கம் வைத்தார்களே தவிர, உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. ஆள் அனுப்புகிறவர் தாமே சாப்பிட வருவார் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"இந்தக் கண்ணாடிக் கதவு?" என்றாள் மகள்.

"அது கூட்டமா வர்றவங்களுக்கு. பெரிய மேசை. ரெண்டு பேர் உக்காந்தா கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"மாடிக் கடை?"

"சீ, அங்க நாம போய் என்ன பண்றது? எல்லாம் சின்னஞ்சிறுசுங்க."

"சூப்பு?"

"எனக்கு என்ன பல்லா போச்சு?"

சந்துக் கடையில் முக்காலி ஆடும். அதற்கடுத்த கடையில் தட்டை வைத்த கையோடு பில்லையும் வைத்துவிடுவான். எதிர்க் கடையில் பாட்டு காதைக் கிழிக்கும். இப்படி நொட்டை சொல்லிச் சொல்லியே தெருவின் பாதிக்கு வந்துவிட்டார்கள். மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மெதுவாகப் பயம் வந்தது.

"எல்லாருக்கும் ஒரு கடை வச்சிருக்கீங்க. சரி, ஒரு ஆள் தனியா சாப்பிடணும்னா எங்க போவான்ப்பா?"

சாவிக்காரர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் நுனிநாக்கில்தான் இருந்தது. அது வெளியே வரவில்லை. இத்தனை வருஷமும் எத்தனை பேரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்! அவர்களெல்லாம் சிரித்த மாதிரி அவருக்கு ஞாபகமே இல்லை. "வா, பேசிக்கிட்டே நிக்காதே" என்று மகளை அதட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

கடைசியில் அவர் கால் நின்ற இடம் பச்சைக் கதவுக் கடை. அவரும் மனைவியும் வாரம் தவறாமல், கடைக்கு விடுமுறை விடும் நாளில், வந்து சாப்பிட்ட இடம். மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் மகள் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு வெளியே சாப்பிடுவதில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. கல்யாணமான புதிதில் இதே கடைக்கு வந்தார்கள். கூச்சம். அவளுக்குப் பிடிக்கட்டும் என்று அவர் ஒன்று சொன்னார். அவருக்குப் பிடிக்கட்டும் என்று அவள் ஒன்று சொன்னாள். பரிமாறியவர் சொன்னவர் முன்னாலேயே சொன்னதை வைத்துவிட்டுப் போனார். தனக்கு வந்ததை வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். பாதித் தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள், விஷயம் புரிந்தது, சிரித்துக்கொண்டே தட்டை மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. அவளுக்கானதை அவர் சொல்வார், அவருக்கானதை அவள் சொல்வாள், பாதியில் தட்டு மாறும். என்ன சொன்னாய் என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது. "சொல்லிட்டா ருசி போயிடும்" என்பாள் அவள். அவர் காதில் விழாமல் இருக்க, எழுந்து போய்ச் சமையலறைக் கதவருகே நின்று சொல்லிவிட்டு வருவாள்.

பரிமாறுகிற அக்கா வந்தாள். வருஷக்கணக்காக அந்தக் கடையில் இருப்பவள், வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா. "என்னண்ணா, ஆளையே காணோம்! எங்களை மறந்துட்டீங்களா? ஓ, பொண்ணா? நல்லா வளந்துட்டியேம்மா!" என்று மேசையைத் துடைத்தாள். "என்ன கொண்டு வரட்டும்?"

மகள் முந்திக்கொண்டாள். "எனக்கு ஒரு டீ போதும்க்கா, பசி இல்ல. அப்பா சொல்வார்."

சாவிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரிடம் பந்தயம் கட்டுகிறாள் இவள்? பட்டென்று சொன்னார். "மீன், முள் எடுத்தது. மிளகு தூக்கலா இருக்கணும். சோறு கொஞ்சம் குழைவா. எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாம், தனியா ஒரு கிண்ணத்துல வச்சுக் குடுங்க. தக்காளியைத் தோல் உரிச்சுப் போடச் சொல்லுங்க, தோல் இருந்தா எடுத்து எடுத்து வைக்கணும்."

தயக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தக்காளித் தோலை எடுத்து எடுத்து வைப்பது யாருடைய பழக்கம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். யாருக்குச் சொல்கிறோம் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அக்கா போகாமல் நின்றாள். வாசலைப் பார்த்தாள். "அண்ணி பின்னால வர்றாங்களா? இன்னும் கதவுகிட்ட வரலையேன்னு பாத்தேன்."

"வரல" என்றார் சாவிக்காரர். அக்கா தலையாட்டிவிட்டுப் போனாள்.

தட்டு வந்தது. சாவிக்காரர் சாப்பிட ஆரம்பித்தார். உண்மையாகவே சாப்பிட்டார்! மீனை உதிர்த்து, சோற்றோடு சேர்த்து, வாய் நிறைய வைத்து மென்றார். பந்தயத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்றால் என்ன, அப்பா சாப்பிடுகிறாரே! நாளைக்கே வண்டி ஏறிவிடலாம், வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி வைக்கலாம் என்றெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

பாதித் தட்டு முடிந்தது. சாவிக்காரர் கையை நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் சிதறியிருந்த பருக்கைகளை விரலால் ஒதுக்கிச் சுத்தம் செய்தார். எலுமிச்சைக் கிண்ணத்தை மீதிச் சோற்றுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார். பிறகு தட்டை அப்படியே எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டு, மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டியது வரட்டும் என்று.

எதிரே மகளின் டீ டம்ளர் மட்டும் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் முகம் கோணிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைத்தது. "ஐயோ" என்றார், மெதுவாக. "இது அவளோடதுடி. நான் அவளுக்குச் சொல்லிட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா பதறிப்போய் ஓடிவந்தாள், விஷயத்தைக் கேட்டாள், தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்து மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவமே, மழைக்காலம் பூரா நான் ஊர்ல கிடந்தேன், எனக்கு யாரும் சொல்லலையே! நான் பாட்டுக்கு அண்ணி எங்கன்னு கேட்டேனே!"

"நீ என்னம்மா பண்ணுவே" என்றார் சாவிக்காரர். அவருக்கு அழுகை வரவில்லை. அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். வழி இருக்கிறது. இவளுக்குத் தெரிந்திருக்குமே! "அக்கா, அவ எனக்கு என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியும் இல்ல? அதைச் சொல்லு. அதையே கொண்டு வா. நான் சாப்பிடறேன்."

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் பதில் சொல்லவே கஷ்டமாக இருந்தது.

"ஒரே மாதிரி சொல்லியிருந்தாத்தானேண்ணா எனக்குத் தெரியும்? ஒவ்வொரு வாரமும் வேற வேற சொல்வாங்க. கதவுகிட்ட நின்னு, அங்கேர்ந்து உங்க முகத்தைக் கொஞ்ச நேரம் பாப்பாங்க. பாத்துட்டுத்தான் சொல்வாங்க. 'இன்னிக்கு அவருக்குக் கட்டைவிரலை அரம் கிழிச்சிருக்கு, பிச்சுத் திங்கற மாதிரி எதுவும் வேண்டாம்'பாங்க. 'யாரோடயோ சண்டை போட்டுட்டு உம்முன்னு உக்காந்திருக்கார், காரத்தைக் குறைங்க, இல்லைன்னா ராத்திரி என்கிட்ட எரிஞ்சு விழுவார்'னு சிரிப்பாங்க. ஒரு நாள் கோழி, ஒரு நாள் வெறும் முட்டை, ஒரு நாள் சூடா குழைஞ்ச சோறு. ஒண்ணே ஒண்ணுதான் எப்பவும் சொல்வாங்க. ரெண்டு தட்டுலயும் வெங்காயம் கண்ணுல படக் கூடாதுன்னு. இன்னிக்கும் அப்படித்தான் போடச் சொன்னேன்."

"வெங்காயமா?" என்றார் சாவிக்காரர். "ஏன், எனக்கு வெங்காயம் பிடிக்காதா?"

"உங்களுக்கு ஆகவே ஆகாதாமே! வாய்ல பட்டா தட்டையே தள்ளிடுவீங்களாம். 'ஆனா அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, எதைப் போட்டாலும் சாப்பிடறவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறார், அந்தப் பெருமை இருந்துட்டுப் போகட்டும்'பாங்க."

சாவிக்காரர் எதிரே இருந்த மீன் தட்டைப் பார்த்தார். மழைக்காலத்துக்குப் பிறகு தானே வாங்கித் தின்றுபார்த்த ரொட்டியும் குழம்பும் பொரியலும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றுகூடத் தொண்டைக்குழியில் இறங்கவில்லை. துக்கத்தில் நாக்கு செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தார். துக்கம் மட்டும் இல்லை, வெங்காயமும்தான்! ஒருத்தி வீட்டிலும் வெளியிலும் அவருக்குத் தெரியாமலே ஒதுக்கி ஒதுக்கி எடுத்திருக்கிறாள், எந்த வம்பும் இல்லாத மனுஷன் என்று அவரையே நம்பவும் வைத்திருக்கிறாள். பேரைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று பார்த்தால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டுக்குப் பேரே கிடையாது. அவள் பார்த்த பார்வைதான் அது. இனி எந்தக் கடையில் போய் அதைக் கேட்பது? அப்போதுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மகள் சட்டென்று எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே போனாள். அங்கே நின்று, திரும்பி, அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவரும் ஒத்தாசையாக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் உள்ளே பார்த்து ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்தவளிடம் அவர், "என்னடி சொன்னே?" என்று கேட்டார்.

"சொல்லிட்டா ருசி போயிடும்" என்றாள். உட்கார்ந்து, அவர் நகர்த்திவைத்திருந்த அம்மாவின் பாதித் தட்டை இழுத்து, எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

அவர் தட்டும் வந்தது. குழைய வடித்த சோறு. வேகவைத்து மசித்த காய். உப்பு, காரம் பேருக்குத்தான். ஓரத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர். வெங்காயம் மருந்துக்கும் இல்லை. கட்டிலோடு கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாடு. அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து மகள் அந்த முகத்தில் கண்டது ஒரு கிழவரை, உடம்பு சரியில்லாத ஒரு கிழவரை. அவள் மேல் தப்பில்லை. அவள் கண்ணுக்குத் தெரிவதைத்தானே அவள் பார்க்க முடியும்? அந்தக் கதவருகே நின்று அவரை வேறு மாதிரி பார்த்த கண் ஒன்றுதான், அது மூடிவிட்டது.

ஒரு வாய் வைத்தார். மகள் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"எப்படி இருக்குப்பா?"

"நல்லா இருக்கு. நான்தான் எதைப் போட்டாலும் சாப்பிடறவனாச்சே."

மகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அம்மா சொன்ன மாதிரி இல்லதானே?"

"இல்லம்மா" என்றார். பொய் சொல்ல வரவில்லை. இன்னொரு வாய் வைத்துவிட்டு, "பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டே. நானே சொல்லிச் சாப்பிடணும்னுதானே பேச்சு? எனக்குச் சொல்லிக்கத் தெரியல. நாளைக்கு வர்றேன் உன்கூட" என்றார்.

"கடை?"

"பூட்டிட்டு வர்றேன். பூட்டுக்கா பஞ்சம்?"

மகள் தட்டை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். குனிந்து சாப்பிட்டாள். வெளியே தெரு முழுக்க விளக்கு எரிந்தது. யாரோ யாரையோ, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் தட்டில் பாதி முடிந்தது. வழக்கப்படி கை நின்றது. தட்டின் விளிம்பைப் பிடித்தது. எதிரே மகள் அம்மாவின் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வருவதற்கு ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடையில் எந்தத் தட்டிலும் அவர் பாதிக்கு மேல் போனதே கிடையாது. விளிம்பை விட்டுவிட்டு, மறுபாதியிலும் கை வைத்தார். ஆறிப்போயிருந்தது. அதையும் அவரே சாப்பிட்டார்.